கீழவையின் மேன்மை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

'அவை' என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 'அவை அறிதல்', 'அவை அஞ்சாமை' என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் அவையில் பேச எழுவோனுக்குக் கூறப்பட்ட அறிவுரைகள். கேட்கும் இடத்தில் இருக்கும் ஆள்வோனுக்கு வள்ளுவர் கூறுவது 'இறைமாட்சி'யில் உள்ளது. செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் வேந்தனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்பது அவர் கருத்து. வேந்தன் பொறுக்க மறுத்தால் என்ன செய்வது என்ற வினாவிற்கு முடியாட்சிக் காலத்தில் விடை இல்லை. கசப்பைப் பொறுத்தல் அவனது பண்பாக இருந்த வரையில், அது அவனது விருப்பமாகவும் இருந்தது.

இந்தச் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வடக்கே, தகடூரில் அதியமானின் வாயிலில் ஒளவையார் நின்ற காட்சியைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். பரிசில் தரக் காலம் நீட்டித்த வள்ளலிடம் அவர் சினந்து பாடினார். அச்சினம் புறநானூற்றில் இடம்பெற்று நிலைத்துவிட்டது. ஆயினும் அச்சினத்தால் அதியமானின் அரியணை ஓர் அங்குலமும் அசைந்திருக்காது. புலவரால் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே: அந்த வாயிலை விட்டுத் தாம் வெளியேறுவது. நாடாளுமன்ற ஆட்சிமுறையில் இந்நிலை தலைகீழானது. ஆள்வோன் கசப்பைப் பொறுக்காவிடில் அவனையே வெளியேற்றும் ஆற்றல் ஓர் அவைக்குத் தரப்பட்டது. அந்த அவைக்குப் பெயர் கீழவை.

கீழ் என்னும் பெயர்

கீழவை, மேலவை என்னும் பெயர்கள் மயக்கம் தருவன. மேலவை என்றவுடன் அதிகாரத்தில் மேலானது என்று எண்ணத் தோன்றும். அரசியலமைப்போ இதற்கு நேர்மாறாகக் கூறுகிறது. 75ஆம் உறுப்பின்படி மைய அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது. 164ஆம் உறுப்பின்படி மாநில அமைச்சரவை சட்டப் பேரவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது. மேலவை அமைச்சரவையைக் கேள்வி கேட்கலாம், அறிவுரை கூறலாம். ஆனால் கவிழ்க்க இயலாது. பண மசோதாவைப் பேரவையில் மட்டுமே கொண்டுவர இயலும். மாநில மேலவை அதனைப் 14 நாள்களுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். அது கூறும் திருத்தத்தை ஏற்பதும் தள்ளுவதும் பேரவையின் உரிமை. துறைகளுக்கான மானியக் கோரிக்கைகள் பேரவையின் வாக்குக்கு மட்டுமே வைக்கப்படுகின்றன.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. இங்கிலாந்தில் 1909ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் அவை நிராகரித்தது. அதனால் எழுந்த பூசலின் முடிவில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. வரி பற்றி இறுதிச் சொல் கூறும் உரிமை மக்கள் தேர்ந்த அவைக்கே என்பது உறுதியாயிற்று. வரி கொடுப்பவன் தேர்ந்தெடுத்தவனைக் கேளாமல் வரி வாங்கலாகாது என்பதே அதன் சாரம்.

இத்தனை சட்டங்களையும் பிழிந்தால் எஞ்சுவது ஒரு சொல். அது 'இல்லை' என்னும் சொல். அவைத் தலைவர் ஒரு பொருளை வாக்குக்கு விடும்போது ஏற்போரை 'ஆம்' என்றும் மறுப்போரை 'இல்லை' என்றும் கூறச் சொல்கிறார். 'ஆம்' என்று சொல்ல அரசவையில் எக்காலத்தும் ஆள் இருந்தது. 'இல்லை' என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே இருக்கையில் அமரும் உரிமையே கீழவையின் மேன்மை. இந்த உண்மையை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பழைய சேலம் மாவட்டத்து வரலாறே போதுமானது.

வாக்கில்லாதவரின் மது

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்துச் சமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் அமைச்சராக இருந்தார். பெரும்பான்மைக் கட்சி ஏதுமின்றிச் சுயேச்சைகளைக் கொண்டு அமைந்தது அவரது அமைச்சரவை. அன்றைய சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவரோடு ஆளுநர் நியமித்தவரும் அமர்ந்திருந்தனர். நியமன உறுப்பினரின் ஆதரவு அமைச்சரவைக்கு ஊன்றுகோலாக இருந்தது. ஊன்றுகோல் எவர் கையிலிருந்து வந்ததோ அவர் பக்கமே அமைச்சரவையும் சாய வேண்டியிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1935ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. சென்னை மாகாணத்தில் 215 உறுப்பினர் கொண்ட பேரவையும் அதன்மேல் ஒரு மேலவையும் அமைந்தன. பேரவையினர் அனைவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1937 சூலை 14இல் இராசாசி முதல் அமைச்சரானார். அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்குரைஞராக விளங்கி, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றியவர் அவர். 1925இல் திருச்செங்கோடு வட்டம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதரும் மதுவிலக்கும் பரப்பினார். அங்கிருந்தே 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழும் வெளிவந்தது.

ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. 1937 அக்டோபர் முதல் நாள், நாட்டுக்கே முன்னோடியாக, சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. நாமக்கல்லும் தருமபுரியும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதிகளே. கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் சட்டம் பரவிற்று. கள்ளும் சாராயமும் தந்த வருவாய் மாகாணக் கருவூலத்தின் பெருந்தூண். அத்தூணைப் பெயர்த்தபின் மாற்றுத் தூண் தேவைப்பட்டது. 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு அதுவே முன்மாதிரி. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. விற்பனை வரி நிற்கவில்லை. 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகவும் 2017இல் சரக்கு, சேவை வரியாகவும் உருமாறி இன்று ஒவ்வொரு கடைச் சீட்டிலும் அது தொடர்கிறது. சேலத்துக் கள்ளுக்கடை அடைபட்ட கதவின் ஓசை அச்சீட்டில் இன்னும் கேட்கிறது எனலாம்.

மதுவிலக்கின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. அன்று சொத்தும் கல்வியும் உடையோர்க்கே வாக்குரிமை. பனையேறியவரும், கள் குடித்தவரும் பெரும்பாலோர் வாக்கில்லாதவர். குடி நின்றதால் மாலையில் அடுப்பெரியக் கண்டு மகிழ்ந்த பெண்களுள்ளும் பெரும்பாலோர் வாக்கில்லாதவரே. தொழிலிழந்தவன் குறையும் நலம் பெற்றவள் நன்றியும் பேரவையின் கணக்கில் ஏறவில்லை. அவர்களைப் பற்றி அவை பேசியது. அவர்கள் அதில் பேசவில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையை எண்ணிப் பெருமிதம் கொள்வது நம் வழக்கம். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிய அந்த நேர்மை போற்றத்தக்கதே. ஆனால் அங்கும் நிலமும் கல்வியும் உடையார் பெயரே குடத்தில் விழுந்தது. குடம் எவ்வளவு தூயதாயினும், உள்ளே இடப்படாத ஓலையை வெளியே எடுக்க இயலாது.

138க்கு 138

1952ஆம் ஆண்டு அந்தக் குடத்தின் வாய் அகன்றது. 21 வயது நிரம்பிய அனைவரும் வாக்களித்தனர். 375 இடங்கள் கொண்ட சென்னை மாநிலப் பேரவையில் காங்கிரசுக்குக் கிட்டியவை 152. பெரும்பான்மை எவர்க்கும் இல்லை. அந்நெருக்கடியில் முதியவராகிய இராசாசி மீண்டும் அழைக்கப்பட்டார். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார். ஏப்ரல் 10இல் அவர் முதலமைச்சரானார். இதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. ஈரவையுள் எதில் உறுப்பினராக இருப்பினும் அமைச்சராகலாம் என்று அரசியலமைப்பு இடந்தருகிறது. ஆகவே சட்டத்தில் குறையில்லை. ஆயினும் மேலவை வாயில் வழியே வந்தவரும் கீழவையின் முன்னர் நின்றே நம்பிக்கை பெற வேண்டியிருந்தது. அவ்வாண்டு சூலைத் திங்களில் அவர் அந்நம்பிக்கையைப் பெற்றார்.

அடுத்த ஆண்டில் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கும் கட்டடத்திலும் இருக்கும் ஆசிரியரைக் கொண்டும் இருமடங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது ஆதரித்தோர் வாதம். தறிக்காரன் மகன் தறிக்கே, குயவன் மகன் சக்கரத்திற்கே என்று சாதிக்கோட்டை அழியாமல் காக்கும் திட்டம் இது என்பது எதிர்த்தோர் வாதம். 'குலக்கல்வி' என்று அவர்கள் இட்ட பெயரே நிலைத்துவிட்டது. பெரியாரும் அண்ணாவும் நாடெங்கும் கிளர்ச்சி நடத்தினர். இத்திட்டம் சட்டமாக வரவில்லை, அரசாணையாக வந்தது. பேரவையைக் கேளாமல் வந்தது என்பதும் குறைகளுள் ஒன்றாயிற்று.

1953 சூலை 29ஆம் நாள் பேரவை வாக்களித்தது. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்திற்கு ஆதரவாக 138 வாக்குகள், எதிராக 138. தீர்மானம் நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு அமைத்து ஆராய வேண்டும் என்ற மற்றொரு தீர்மானத்திற்கு 139 வாக்குகள், எதிராக 137. இது நிறைவேறியது. இரண்டு வாக்குகள்! மாநிலத்து ஊர்ப்புறப் பிள்ளைகளின் பிற்பகல் பொழுது தறிமேடையிலா பள்ளியிலா என்பது இரண்டு வாக்குகளின் இடைவெளியில் நின்றது. கல்வியறிவிலும் தன்னலமின்மையிலும் இராசாசிக்கு நிகரானவர் அந்த அவையில் எத்தனை பேர் இருந்தனர் என்று வினவலாம். அவ்வினாவின் விடை எதுவாயினும் அன்றைய முடிவு மாறாது. ஏனெனில் அன்று எண்ணப்பட்டவை அறிவின் அளவுகள் அல்ல; பிள்ளைகளைப் பெற்றவர்களின் வாக்குகள்.

1937இன் பேரவையும் 1953இன் பேரவையும் பெயரால் ஒன்று. தலைவரும் ஒருவரே. அவர் நெஞ்சின் நேர்மையும் அதுவே. மாறியது வாக்காளர் மட்டுமே. மக்களுக்கு நல்லது எது என்பதைத் தாம் அறிவோம் என்று நம்பிய ஒரு பெரியவரிடம், 'அதை எங்களைக் கேட்டுச் சொல்லுங்கள்' என்று வாக்குப் பெற்ற எளியவர்கள் தங்கள் உறுப்பினரின் வாயால் கூறினர். 1954 ஏப்ரலில் இராசாசி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அன்று மக்களவை உறுப்பினராக இருந்த காமராசரும் மேலவை வழியே நுழைந்திருக்கலாம். அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் வாக்குக் கேட்டு, பேரவைக்குள் வந்தார். இரண்டு நுழைவாயில்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எவரும் விளக்கிவிட முடியாது.

கவிஞர் அமர்ந்த அவை

கவிஞர்கள் கூடியுள்ள இம்மன்றத்தில் மேலவையைக் குறைத்துரைப்பது முறையாகாது. ஏனெனில் நம் கவிஞர் அமர்ந்த அவை அது. மோகனூரில் 1888இல் பிறந்து, உப்பு அறப்போரின் வழிநடைப் பாடலைத் தந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, 1949இல் அரசவைக் கவிஞராக்கப் பெற்றார். சட்ட மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத்தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தோர்க்கு மேலவையில் நியமன இடங்களை அரசியலமைப்பே ஒதுக்குகிறது. தேர்தல் களத்தில் வெல்லத் தெரியாத அறிவும் அரசுக்குத் தேவை என்ற நல்ல எண்ணம் அதில் உள்ளது. சினத்தோடு நிறைவேறும் ஒரு மசோதாவைச் சற்று ஆறவைத்துப் பார்க்க மற்றோர் அவை உதவும் என்பதும் உண்மை.

ஆனால் தமிழகத்தில் அந்த அவை இன்று இல்லை. 1986 மே மாதத்தில் பேரவை தீர்மானம் இயற்றியது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மேலவை மறைந்தது. அதனை மீண்டும் அமைக்க 2010இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பின்னரும் அது உயிர்பெறவில்லை. மேலவையைப் படைப்பதும் நீக்குவதும் பேரவையின் தீர்மானத்தில் தொடங்குவதே கீழவையின் வலிமைக்குத் தக்க சான்று. இன்று 234 உறுப்பினர் கொண்ட பேரவை தனித்து நிற்கிறது. அதில் சேலம் மாவட்டத்திற்குப் பதினொன்றும் நாமக்கல் மாவட்டத்திற்கு ஆறும் தொகுதிகள். கொல்லிமலையைத் தன்னுள் கொண்ட சேந்தமங்கலமும் சேர்வராயன் மலையின் ஏற்காடும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பெற்றவை. 1937இல் அம்மலைகளைப் பற்றிப் பிறர் பேசினர்; இன்று அம்மலைமக்களுள் ஒருவர் எழுந்து நின்று பேசலாம்.

தடுக்க மேலவை இல்லாத இடத்தில், 'இல்லை' என்று கூறும் பொறுப்பு முழுவதும் அந்த 234 நாவுகளின் மேல் விழுகிறது. அந்நாவுகளின் நிலை என்ன என்பதே இன்று கேட்க வேண்டிய வினா.

நாவும் கொறடாவும்

1967க்குப் பின் வடநாட்டில் உறுப்பினர்கள் சட்டை மாற்றுவது போலக் கட்சி மாற்றினர். வாக்காளர் ஒருவருக்குக் கொடுத்ததை உறுப்பினர் மற்றொருவருக்கு விற்பதைத் தடுக்க, 1985இல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவி இழக்க நேரும். சட்டத்தின் நோக்கம் நேரியது. உச்ச நீதிமன்றமும் 1992இல் அதனை ஏற்றது. ஆயினும் விலைபோன நாவையும் மனச்சான்றின்படி பேசும் நாவையும் அச்சட்டம் ஒரே கயிற்றால் கட்டியது. 1953இல் அச்சட்டம் இல்லை. மாறி வாக்களிக்க விரும்பியவர் பதவியை அடகுவைக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அதுபோன்றதொரு நாளில் இரண்டு வாக்குகளின் வேறுபாடு தோன்றுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

2017 பிப்ரவரி 18ஆம் நாள், இச்சமவெளியைச் சேர்ந்த எடப்பாடி கே. பழனிசாமி பேரவையில் நம்பிக்கை கோரினார். முன்னர்ச் சங்ககிரியிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ப. தனபால் பேரவைத் தலைவர் இருக்கையில் இருந்தார். ஆளுங்கட்சி இரண்டுபட்டிருந்தது. முதன்மை எதிர்க்கட்சியினர் வெளியேற்றப்பட்டபின், வேறு சிலர் வெளிநடப்புச் செய்தபின், 122 பேர் ஆதரித்தனர். 11 பேர் எதிர்த்தனர். அன்றைய நாளின் குற்றம் எவருடையது என்று தீர்ப்பது இவ்வுரையின் நோக்கமன்று. அதைப் பற்றிக் கட்சிக்கொரு கருத்து உண்டு. இங்கு நோக்கத்தக்கது இதுவே: ஓர் அரசு நிற்பதா வீழ்வதா என்பதை முடிவு செய்ய இன்றும் அந்த ஓர் அவையே இடமாக இருக்கிறது. அங்கே 'ஆம்' என்பவர் அமர்ந்திருக்க வேண்டும். 'இல்லை' என்பவரும் அமர்ந்திருக்க வேண்டும். ஒரு குரல் மட்டும் ஒலிக்கும் அவையில் எண்ணிக்கை கிடைக்கும். அவையின் மாண்பு கிடைக்காது.

மானியக் கோரிக்கையின்மீது 'நூறு ரூபாய் குறைக்க வேண்டும்' என்று வெட்டுத் தீர்மானம் கொடுக்கும் மரபு நாடாளுமன்றத்தில் உண்டு. கோடிக்கணக்கில் செலவிடும் துறைக்கு நூறு ரூபாய் பெரிதன்று. ஆனால் அந்த நூறு ரூபாயைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஓர் உறுப்பினர் எழுந்து, தம் ஊரில் வற்றிய ஏரியைப் பற்றியும் கூரையில்லாப் பள்ளியைப் பற்றியும் கூறுகிறார். அமைச்சர் விடையளித்தாக வேண்டும். அப்பேச்சு அவைக்குறிப்பில் ஏறுகிறது. தீர்மானம் தோற்கலாம், குறிப்பு அழிவதில்லை. ஒளவையின் சினம் ஏட்டில் நின்றதைப் போல, வாக்கில் தோற்ற 'இல்லை'யும் ஏட்டில் நிற்கிறது.

முடிவாக

இதனை ஓர் இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படிக்கும் வட்டமும் ஓர் அவையே. அரங்கேறும் கவிதை ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் எளிதில் கிடைக்கும். 'இவ்வரி நிற்கவில்லை' என்று நண்பரிடம் கூறுவது கடினம். அதனைக் கேட்டுக்கொண்டு அடுத்த திங்களும் அந்நண்பர் வருவது அதனினும் கடினம். அவ்விரண்டும் நிகழ்ந்த வட்டங்களே பத்தாண்டு வாழ்கின்றன. அவ்விரண்டும் நிகழ்ந்த நாடுகளிலேயே மக்களாட்சியும் வாழ்கிறது.

சென்னைக் கோட்டையில் பேரவை மண்டபத்திற்கு அருகே உயர்ந்து நிற்கும் தலைமைச் செயலகப் பத்துமாடிக் கட்டடத்திற்கு 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்பது பெயர். அரசாணைகள் நாள்தோறும் பிறக்கும் இடத்திற்கு இச்சமவெளிக் கவிஞர் ஒருவரின் பெயர் வாய்த்தது சிறப்பே. ஆனால் அவ்வாணைகளுக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ கூறும் இடம் பக்கத்தில் உள்ள பேரவை. அங்குச் செல்பவரைத் தேர்ந்தனுப்பும் வேலையைச் சேலத்துத் தறிக்காரரும், இராசிபுரத்து உழவரும், நாமக்கல்லின் லாரித் தொழிலாளரும், கொல்லிமலையின் மகளிரும் செய்கின்றனர். கவிஞரும் அவர்களோடு அதே வரிசையில் நின்று, அதே மையை விரலில் இட்டுக்கொள்கின்றனர். தம் உறுப்பினர் அவையில் என்ன பேசினார், எதற்கு 'ஆம்' என்றார், எதற்கு வாய்மூடியிருந்தார் என்று அவைக்குறிப்பைத் தேடிப் படிக்கும் கவிஞர், தம் வாயிலில் வந்து வாக்குக் கேட்பவரிடம் அடுத்த முறை கேட்க ஒரு வினா வைத்திருப்பார். அன்று ஒளவை வேந்தனின் வாயிலில் காத்திருந்தார். இன்று வேந்தராக விழைவோர் கவிஞரின் வாயிலுக்கு வருகின்றனர். வருவோரிடம் கேட்பதற்குக் கசப்பான சொல் ஒன்றேனும் கவிஞரிடம் இருத்தல் வேண்டும்.